தோல் காலணியின் விலையும் அணிவோர் உணரும் சுகமும்

தோல் காலணியின் விலைக்கும் அதை அணிபவர் உணரும் சுகத்துக்கும் உள்ள தொடர்பு, காலணித் தொழினுட்பம், உளவியல், பொருளியல் ஆகிய மூன்று துறைகளும் சந்திக்கும் ஒரு பொருளாகும். விலை கூடினால் சுகமும் கூடும் என்பது பரவலான எண்ணம். இது ஓர் எல்லை வரை உண்மையே. அவ்வெல்லையைத் தாண்டிய பின் விலை அளப்பது ஒன்று, கால் உணர்வது வேறொன்று.

தமிழ்நாட்டில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தோல் தொழிற்பகுதி இதை அறிந்துகொள்ளப் பொருத்தமான இடமாகும். தோலைப் பதனிடுவதில் தொடங்கி, முடிவுற்ற காலணியைப் பெட்டியில் அடைப்பது வரையிலான எல்லாப் படிகளும் இப்பகுதிக்குள்ளேயே நடக்கின்றன. ஒரே வரிசையில் தைக்கப்பட்ட காலணிகளில் ஒன்று ஐரோப்பியக் கடையின் கண்ணாடி அலமாரிக்குச் செல்கிறது. சிறு குறையால் ஒதுக்கப்பட்ட மற்றொன்று ஆம்பூர் கடையொன்றில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

தொழிற்பகுதியின் பின்னணி

2019-ஆம் ஆண்டு பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இதனால் ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விசாரம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும், பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலும் உள்ளன. தொழிலைப் பொறுத்தவரை இவை இன்னும் ஒரே பகுதிதான்.

தொடக்கத்தில் இங்கு ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற தாவரப் பொருட்களைக் கொண்டு தோல் பாதி அளவு பதப்படுத்தப்பட்டு, "ஈஸ்ட் இந்தியா தோல்" என்ற பெயரில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. ஈ. ஐ. தோல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதற்குப் பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1973-இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை அடுத்து, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதி படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அதன் பின்னர் முழுமையாகப் பதனிட்ட தோலும், அதையடுத்துக் காலணிகளும் இப்பகுதியின் முதன்மை ஏற்றுமதிப் பொருட்களாயின. இன்று கிளார்க்ஸ் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பெயர் தாங்கிய காலணிகள் ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் உருவாகின்றன. அங்கு பணிபுரிவோரில், குறிப்பாகத் தையல் பிரிவில், பெண்களே பெரும்பான்மையினர்.

தோலின் விலை எதை அளக்கிறது?

பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரே தொட்டியில், ஒரே இரசாயனக் கலவையில், ஒரே நாளில் பதனிட்ட தோல்கள்கூட ஒரே விலைக்குப் போவதில்லை. அவை முதலில் தரம் பிரிக்கப்படுகின்றன. தரம் பிரிப்பவர் நல்ல வெளிச்சத்தில் தோலை மேசைமீது விரித்து, கண்ணால் பார்த்தும் விரலால் தடவியும் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று அடுக்குகிறார். ஒரு தோலுக்குச் சில விநாடிகளே ஆகும். பல ஆண்டுப் பழக்கம் இல்லாமல் இந்த வேலை வராது.

அவர் தேடுபவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் குறைகள். முட்புதர்களில் மேயும் ஆட்டின் தோலில் முள் கீறிய தழும்பு இருக்கும். உண்ணி கடித்த புள்ளிகள், அம்மை வடு, மாட்டுக்கு இடப்பட்ட சூட்டுக்குறி, தோலுரிக்கும்போது கத்தி பட்ட வெட்டு ஆகியவையும் காணப்படும். இவற்றுள் கத்தி வெட்டு தோலின் வலிமையை உண்மையாகவே குறைக்கிறது. விலங்கு உயிரோடு இருந்தபோதே ஆறிப்போன முள் கீறல் அவ்வளவாகக் குறைப்பதில்லை. ஆயினும் இரண்டுமே தோலைக் கீழ்த்தரத்துக்குத் தள்ளிவிடும். ஆக, சதுர அடி விலையின் பெரும்பகுதி தழும்பற்ற பரப்புக்காகத் தரப்படும் விலையாகும். தழும்பு இல்லாத தோல் அரிது என்பதால் அதன் விலை அதிகம். அதனால் கால் கூடுதல் சுகம் பெறும் என்று சொல்ல முடியாது.

இங்கு ஓர் எளிய கணக்கு உதவும். ஆண்களுக்கான சாதாரணக் காலணி ஒரு சோடியின் மேற்பகுதிக்கு ஏறத்தாழ 2 முதல் 3 சதுர அடித் தோல் தேவைப்படுகிறது. ஒரு தோல் மற்றொன்றைவிடச் சதுர அடிக்கு 100 ரூபாய் அதிகம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சோடியின் ஆக்கச் செலவில் 200 முதல் 300 ரூபாய்தான் கூடும். கடையில் 3,000 ரூபாய்க்கும் 15,000 ரூபாய்க்கும் விற்கப்படும் இரு சோடிகளுக்கு இடையிலான 12,000 ரூபாய் வேறுபாட்டைத் தோலின் தரம் மட்டும் விளக்கிவிடாது. எஞ்சியது வேலைப்பாடு, சிறு எண்ணிக்கையில் தயாரிப்பதன் செலவு, கப்பல் கட்டணம், சுங்கம், கடை வாடகை, விளம்பரம், நிறுவனப் பெயரின் மதிப்பு ஆகியவற்றில் அடங்கும். வரியும் விலையைப் பார்த்தே மாறுகிறது. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கு 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 18 விழுக்காடும் சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்படுகிறது.

தோலின் விலை சுகத்தை நேரடியாகத் தொடும் இடமும் ஒன்று உண்டு. தழும்புள்ள தோலை விற்பதற்காக அதன் மேற்பரப்பைத் தேய்த்து, அதன்மேல் நிறமியும் பாலியூரித்தேனும் கலந்த பூச்சை ஏற்றுவது வழக்கம். பூச்சு தடிப்பாக இருந்தால் தோலின் நுண்துளைகள் அடைபட்டு, உள்ளிருந்து வியர்வை ஆவி வெளியேறுவது குறைகிறது. மேற்பரப்பு தேய்க்கப்படாத முழுத்தோலில் இச்சிக்கல் குறைவு. மே மாத வேலூர் வெயிலில் நடப்பவருக்கு இது சிறிய வேறுபாடன்று. ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி, இந்த நன்மையைப் பெற மிக உயர்ந்த விலை தர வேண்டியதில்லை. நடுத்தர விலையிலேயே அது கிடைத்துவிடுகிறது.

சுகம் எங்கிருந்து வருகிறது?

காலணியின் சுகத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் பெறுவது தோல் அன்று. லாஸ்ட் எனப்படும் கால்வடிவ அச்சே அதைத் தீர்மானிக்கிறது. மேற்பகுதித் தோல் இவ்வச்சின்மீது இழுத்துப் பொருத்தப்பட்டு, அதன் வடிவத்தையே பெறுகிறது. விரல்களுக்கு எவ்வளவு இடம், பாதத்தின் அகன்ற பகுதியின் சுற்றளவு எவ்வளவு, குதிகால் எப்படிப் பிடிக்கப்படுகிறது என்பவை எல்லாம் அச்சு செய்யப்படும்போதே முடிவாகிவிடுகின்றன.

கடையில் வாங்குவோர் பொதுவாகக் கேட்பது நீள எண்ணை மட்டுமே. ஆங்கில முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீள வேறுபாடு அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். பிரெஞ்சு முறையில் அது 6.67 மில்லிமீட்டர். அகலத்துக்கும் தனி அளவு உண்டு. அதில் ஒரு படிக்குச் சுற்றளவு சுமார் 5 முதல் 6 மில்லிமீட்டர் மாறும். இந்தியக் கடைகளில் அகல அளவு பெரும்பாலும் கேட்கப்படுவதும் இல்லை, கொடுக்கப்படுவதும் இல்லை. கால் நெருக்கினால் ஓர் எண் பெரிதாக வாங்கிக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. அப்படி வாங்கினால் நீளம் தேவைக்கு மேல் கூடி, நடக்கும்போது குதிகால் வழுக்கும்.

சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 1948-இல் நிறுவப்பட்டது, இது தொடர்பாக ஒரு பெரிய அளவாய்வை மேற்கொண்டது. 2021 திசம்பர் முதல் 2022 மார்ச்சு வரை நாட்டின் 79 இடங்களில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்கள் முப்பரிமாண வருடிகளால் அளக்கப்பட்டன. இந்தியர்களின் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகலமானது என்பது இதன் முக்கிய முடிவு. இதனடிப்படையில் "பா" என்ற பெயரில் இந்தியாவுக்கெனத் தனி அளவுமுறை முன்மொழியப்பட்டது. பாரதம் என்ற சொல்லின் முதலெழுத்தே இப்பெயர்.

இம்முடிவு விலை பற்றிய எண்ணத்தைத் தலைகீழாக்குகிறது. ஐரோப்பியப் பாதத்துக்கென வடிவமைத்த அச்சில் உருவான உயர்விலைக் காலணி, ஆம்பூரிலேயே செய்யப்பட்டதாயினும், அதைத் தைத்தவரின் காலுக்கு நெருக்கலாக இருக்கக்கூடும். அகன்ற அச்சில் செய்த உள்ளூர்க் காலணி பாதி விலையில் அதே காலுக்கு நன்றாகப் பொருந்தலாம். சுகம் என்பது காலணியில் மட்டும் உள்ள பண்பு அன்று. குறிப்பிட்ட ஒரு காலும் குறிப்பிட்ட ஓர் அச்சும் சேரும்போது தோன்றுவது அது. ஒருவர் பரிந்துரைக்கும் காலணி இன்னொருவருக்குப் பிடிக்காமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

அச்சுக்கு அடுத்து, அடிப்பாகத்தின் வளையும் தன்மை, காலணியின் எடை, உள்ளுறைத் தோலின் ஈரம் உறிஞ்சும் திறன் ஆகியவை வருகின்றன. இவற்றில் பலவற்றைக் கருவிகளால் அளக்க முடியும். தோலைப் பல்லாயிரம் முறை மடித்து விரிசல் வருகிறதா என்று பார்க்கும் பாலி வளைவுமானி, குறிப்பிட்ட விசையில் தோல் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று காட்டும் மென்மைமானி, நீராவி ஊடுருவலை அளக்கும் கருவி ஆகியன தோல் ஆய்வகங்களில் உள்ளன. எனினும் ஒரு தோலின் "கைப்பதம்" நன்றாக உள்ளதா என்பதை இன்றும் அனுபவம் மிக்கவரின் விரல்களே முடிவு செய்கின்றன. மென்மைமானியில் ஒரே எண் காட்டும் இரு தோல்களில் ஒன்று வெண்ணெய் போலவும் மற்றது இரப்பர் போலவும் விரலுக்குத் தெரியக்கூடும். எண்ணால் சொல்ல முடியாதது பொய் என்று கருதுவது, எண்ணைப் பார்க்காமல் விலையை நம்புவதைப் போலவே தவறானது.

ஆய்வுகள் காட்டுபவை

விலைக்கும் காலணிச் சுகத்துக்கும் உள்ள தொடர்பை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் குறைவு. அவற்றுள் ஸ்காட்லாந்தின் டண்டீயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு குறிப்பிடத்தக்கது. இது 2008-இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ ஆய்விதழில் வெளிவந்தது. மூன்று நிறுவனங்களின் ஓட்டக் காலணிகள் 40-45 பவுண்டு, 60-65 பவுண்டு, 70-75 பவுண்டு என மூன்று விலை நிலைகளில் எடுத்துக்கொள்ளப்பட்டன. 43 ஆண்கள் அவற்றை அணிந்து நடந்தனர். உள்ளங்காலில் விழும் அழுத்தம் காலணிக்குள் வைத்த உணரிகளால் அளக்கப்பட்டது. உணர்ந்த சுகத்தை அவர்களே ஓர் அளவுகோலில் குறித்தனர். விலை குறைந்தவையும் நடுத்தர விலையினவும் விலை உயர்ந்தவற்றுக்கு இணையாகவே, சில இடங்களில் அவற்றைவிட நன்றாகவே, அழுத்தத்தைத் தாங்கின. சுகம் பற்றிய மதிப்பீடு விலையைப் பின்பற்றவில்லை. ஆய்வு செய்யப்பட்டவை ஓட்டக் காலணிகளே, தோல் காலணிகள் அல்ல. விலை இடைவெளியும் இரு மடங்குக்குக் குறைவே. ஆகவே இம்முடிவை எல்லாக் காலணிகளுக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது.

விலை மனத்தைப் பாதிக்கிறதா என்பது தனிக் கேள்வி. இதற்கு விடை, பாதிக்கிறது என்பதே. 2008-இல் வெளியான கலிபோர்னியா ஆய்வொன்றில், ஒரே திராட்சை மது ஒருமுறை 90 டாலர் என்றும் மற்றொரு முறை 10 டாலர் என்றும் சொல்லி 20 பேருக்குத் தரப்பட்டது. விலை அதிகம் என்று கேட்டபோது அவர்கள் அதை அதிகம் விரும்பினர். இன்ப உணர்வோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயற்பாடும் அப்போது கூடியது. விலையைச் சொல்லாமல் கொடுத்தபோது அவ்வேறுபாடு மறைந்தது. பங்கேற்றவர்கள் பொய் சொல்லவில்லை என்பதே இங்கு முக்கியம். அவர்கள் உண்மையிலேயே கூடுதல் இன்பம் பெற்றனர். அந்த இன்பம் விலையிலிருந்து வந்தது.

இதே வாதம் மிகக் கடுமையாக நடக்கும் மற்றொரு துறை உயர்விலைத் தலையணி ஒலிபெருக்கிகள், அதாவது ஹெட்ஃபோன்கள். 2017-இல் 283 ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் எதிர்வினையை ஒப்பிட்ட ஆய்வொன்று, அதற்கும் விற்பனை விலைக்கும் தொடர்பு எதையும் காணவில்லை. இத்துறையும் தோலும் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் சந்திக்கின்றன. விலையுயர்ந்த சில ஹெட்ஃபோன்களின் காதுமெத்தை ஆட்டுத்தோலால் ஆனது. மெத்தை காதைச் சுற்றி எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்பதைப் பொறுத்துத் தாழ்சுரம் கேட்கும் அளவு மாறுகிறது. மின்னணுப் பகுதியில் எந்த மாற்றமும் செய்யாமல் மெத்தையை மட்டும் மாற்றினாலே ஒலி வேறாகிவிடும். காலணிக்கு அச்சு எப்படியோ, ஹெட்ஃபோனுக்கு மெத்தை ஓரளவு அப்படியே. உடலோடு பொருந்தும் இடமே பயனில் பெரும்பங்கு வகிக்கிறது.

எதிர்பார்ப்பு உடலசைவையே மாற்றக்கூடும் என்பதற்கும் சான்று உண்டு. இராபின்சு, வாக்கெட் ஆகியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பொருளால் மூடப்பட்ட பரப்புகளின்மீது தன்னார்வலர்கள் வெறுங்காலுடன் இறங்கினர். அப்பரப்பு சிறந்த பாதுகாப்புத் தரும் என்று சொல்லப்பட்டபோது, எச்சரிக்கை சொல்லப்பட்டபோதைவிட அதிக விசையுடன் காலை ஊன்றினர். பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அவர்களைக் கவனமின்றி இறங்கச் செய்தது. விளம்பரத்தை நம்பி வாங்கியவர் இன்பத்தோடு கூடுதல் அதிர்ச்சியையும் பெற்றுக்கொள்ளலாம் என்பது இதன் பொருள்.

ஒதுக்கப்பட்ட காலணிகள்

ஏற்றுமதிக் காலணிகள் பெட்டிக்குச் செல்லும் முன் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன. இடது, வலது காலணிகளின் நிறச்சாயல் சற்று மாறியிருந்தாலும், ஒரு தையல் விலகியிருந்தாலும், முன்பகுதியில் ஒரு தழும்பு தெரிந்தாலும் சோடி ஒதுக்கப்படும். இவ்வாறு ஒதுக்கப்பட்டவையும் தேவைக்கு அதிகமாகத் தயாரிக்கப்பட்டவையும் ஆம்பூரிலும் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்திலும் உள்ள கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. நெடுஞ்சாலையில் செல்வோர் பிரியாணிக்காக ஆம்பூரில் வண்டியை நிறுத்துவதும், அப்படியே ஒரு சோடி காலணி வாங்கிச் செல்வதும் உண்டு.

ஆய்வாளர் திட்டமிடாமலேயே அமைந்த ஒரு சோதனை என்று இதைக் கருதலாம். அச்சு, தோல், அடிப்பாகம், தைத்த கை ஆகிய அனைத்தும் ஒன்றே. விலை மட்டும் வேறு. நிறச்சாயல் வேறுபாட்டைக் கால் அறியாது. எனவே நடந்து பெறும் சுகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இருக்கக் காரணமில்லை. உயர்ந்த விலை கொடுத்தவர் கூடுதலாகப் பெறுவது பெட்டி, கடையின் உபசரிப்பு, குறையற்ற பொருளை வைத்திருக்கிறோம் என்ற மனநிறைவு ஆகியவையே. ஒதுக்கப்பட்ட காலணிகள் எல்லாமே இத்தகையவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அடிப்பாகம் சரியாக ஒட்டாதது, அச்சிலிருந்து கோணலாக வந்தது போன்றவையும் அவற்றில் கலந்திருக்கும். "எக்ஸ்போர்ட் சர்பிளஸ்" என்று எழுதி ஒட்டியவை எல்லாம் ஏற்றுமதித் தொழிற்சாலையிலிருந்து வந்தவையும் அல்ல.

உயர்ந்த விலை தருபவை

விலையுயர்ந்த காலணிகள் ஏமாற்று வேலை என்று முடிவு கட்டுவதும் சரியன்று. குட்இயர் வெல்ட் என்ற முறையில், மேற்பகுதியையும் அடிப்பாகத்தையும் இணைக்க ஒரு தோல் பட்டை சுற்றிலும் தைக்கப்படுகிறது. இதற்குத் தனி இயந்திரங்களும் கூடுதல் நேரமும் தேவை. அடிப்பாகம் தேய்ந்தால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம். பசையால் ஒட்டப்பட்ட காலணியில் இது கடினம். ஆனால் வெல்ட் காலணி புதிதில் விறைப்பாகவும் கனமாகவும் இருக்கும். சில வாரங்கள் நடந்த பின்னரே அது பாதத்துக்கு ஏற்பப் பதியும். ஒட்டுக் காலணியோ மென்நுரை அடியுடன் முதல் நாளே சுகமாக இருக்கும். கடையில் பத்து அடி நடந்து பார்ப்பவருக்கு மலிவானதே சிறந்ததாகத் தோன்றலாம். இங்கு கூடுதல் விலை வாங்கித் தருவது ஆயுள். பழுதுபார்க்கும் வசதியைப் பயன்படுத்தாதவருக்கு அதனால் பயனில்லை.

விலையில் சேராத செலவு

ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட ஏறத்தாழ 30 லிட்டர் அல்லது அதற்கும் மேற்பட்ட நீர் செலவாகிறது. பல ஆண்டுகளாக இப்பகுதியின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு அறிவித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவலாயின. எனினும் சிக்கல் தீரவில்லை. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும், அத்தொகையை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்கவும் ஆணையிட்டது.

வாங்குபவரின் சுகத்தையும் அவர் தரும் விலையையும் மட்டும் ஒப்பிடும் எந்தக் கணக்கிலும் இச்செலவு இடம்பெறுவதில்லை. 15,000 ரூபாய்க் காலணியின் விலையில் இதற்கு அதிகப் பங்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்று கொள்ளவும் ஆதாரம் இல்லை. இரண்டு காலணிகளின் தோலும் ஒரே தொட்டியிலிருந்து வந்திருக்கக்கூடும்.

வாங்குவோர் கவனிக்கத்தக்கவை

பாதம் பகலில் சற்று வீங்குவதால், மாலையில் அணிந்து பார்ப்பது நல்லது. இரு கால்களிலும் அணிந்து, பெரிய காலுக்கு ஏற்ப அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெருவிரலுக்கு முன் உள்ள இடத்தைப் போலவே பாதத்தின் அகன்ற பகுதி நெருக்கப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கூடுமானால், விலைச்சீட்டைப் பார்க்கும் முன்பே அணிந்து நடந்து பார்க்கலாம்.

விலை அதிகம் என்பதற்காகக் காலணியை ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைப்பது பயன் தராது. பாலியூரித்தேன் அடிப்பாகம் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த காற்றில் நீராற்பகுப்படைந்து, ஒருமுறைகூட அணியாத நிலையிலேயே தூளாக உதிர்ந்துவிடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது அடிக்கடி நிகழ்கிறது.